செத்த குரங்கும் எள்ளளவு உண்ணியும்

கேள்வி: டாக்டர் சார், நாங்கள் பந்தலூர் வட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கு மேல்பக்கம் காடு. போன வாரம் அந்த ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. நாற்றம் எடுக்குமே என்று என் வீட்டுக்காரர் அதைக் காலைப் பிடித்து இழுத்துப்போய்ப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டார். ஐந்து நாள் கழித்து ஓடைக்கரையில் இன்னொன்று. அதை யாரும் தொடவில்லை. இது குரங்குக் காய்ச்சல்தான் என்கிறான் எல்லைக்கு அந்தப் பக்கம், வயநாட்டுப் பத்தேரியில் வேலை பார்க்கும் என் தம்பி. பக்கத்துத் தோட்டக்காரர்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் குரங்குகளைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார்கள். ஒருவர், வாழைப்பழத்தில் மருந்து வைத்தால் முடிந்தது என்கிறார். போன வருடம் என் நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தபோது பத்தேரியில் ‘செள்ளுப்பனி’ என்றார்கள், கூடலூரில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றார்கள். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. குரங்குக் காய்ச்சலும் உண்ணியால்தான் வருகிறதாம். அப்படியானால் இரண்டும் ஒன்றா? அதே மாத்திரை போதுமா? மாமியார் தினமும் விறகுக்குப் போகிறார். இரண்டு மாடும் ஒரு நாயும் உண்டு, எல்லாவற்றுக்கும் உண்ணி. பால் குடிக்கலாமா?

– ஒரு வாசகி, எருமாடு பக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கேள்விக்குறி போட்ட இடங்களைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார விடவில்லை. ‘காலைப் பிடித்து இழுத்துப்போய்.’ அதனால்தான் பதில் எழுதுமுன்பே உங்களைத் தொலைபேசியில் பிடித்தேன். அன்று சொன்னதை இங்கே மறுபடி எழுதக் காரணம் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் செய்ததைத்தான் அந்த மலையில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். செத்த பிராணியை அப்படியே போட்டு வைக்க மனசு வராது. குரங்கென்றால் மஞ்சள் தூவி, பூ வைத்துப் புதைப்பவர்களும் உண்டு.

முதலில் அவரைப் பற்றி. குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் கியாசனூர் காட்டு நோய், உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாளுக்குள் காய்ச்சலாக வெளியே வரும். அவர் குரங்கை இழுத்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். நான் ஒரு பிடி கூட்டியே சொல்வேன், இரண்டு வாரம் கவனியுங்கள். திடீரென்று கடும் காய்ச்சல், நெற்றியைப் பிளக்கும் தலைவலி, இடுப்பிலும் கெண்டைக்காலிலும் அடித்துப் போட்டது போல வலி, கண் சிவப்பு, வாந்தி. இப்படி ஏதாவது ஆரம்பித்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். “எங்கள் தோட்டத்தில் குரங்கு செத்துக் கிடந்தது, இவர் அதைக் கையால் தொட்டார், இன்றோடு இத்தனை நாள்” என்று நீங்களே சொல்லுங்கள். நூறு காய்ச்சல்காரர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் உங்கள் வீட்டுக்காரரைத் தனியாக எடுத்துக் காட்டப்போவது அந்த ஒரு வாக்கியம்தான். முதல் வாரத்தில் எடுக்கும் ரத்தத்தில் வைரஸையே பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். தாமதமானால் வேறு வகைப் பரிசோதனை.

அதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்குவது, வழியில் ஒரு கிளினிக்கில் இடுப்பில் வலி ஊசி போட்டுக்கொள்வது, இரண்டும் வேண்டாம். இந்த நோயில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். ஈறு, மூக்கு, குடல் என்று ரத்தம் கசியலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை அதைக் கூட்டும். பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் மாட்டு டாக்டர். மனிதருக்கு மருந்து எழுதும் உரிமை எனக்கில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விட மனசில்லை.

இன்னொன்று. காய்ச்சல் விட்டு, ஆள் தேறி, வேலைக்கும் கிளம்பிவிட்ட பிறகு, ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்கு இரண்டாவது சுற்று வரும். நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு இப்படி. அப்போது காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை நடுக்கம், பேச்சில் குழப்பம் என்று மூளை சார்ந்த அறிகுறிகள் இருக்கும். “போன காய்ச்சல்தான் முழுசாகப் போகவில்லை” என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் மீதி தொண்ணூற்றைந்து பேர் எழுந்து நடக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. அதனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் தனித் தட்டு, தனி அறை எல்லாம் தேவையில்லை.

இனி, நீங்கள் கேட்ட குழப்பத்துக்கு வருகிறேன். குழப்பம் உங்களுடையதில்லை, பெயர் வைத்தவர்களுடையது. உங்கள் எல்லையில் ஒரு காய்ச்சலுக்கு மூன்று மொழியில் பெயர் உண்டு, அதில் ஒன்றுகூடச் சரியாகப் பொருந்தவில்லை. கேரளத்தில் பனி என்றால் காய்ச்சல். பந்தலூரில் பனி என்றால் டிசம்பர் காலை. குரங்குக் காய்ச்சலை மலையாளத்தில் குரங்குபனி என்கிறார்கள், கன்னடத்தில் மங்கன காயிலெ, அதாவது குரங்கு நோய். மூன்று மாநிலமும் சேர்ந்து குரங்கின் தலையில் போட்டுவிட்டன. கடிப்பதோ உண்ணி.

மறுபக்கம், உங்கள் நாத்தனாருக்கு வந்ததைத் தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அதைப் பரப்புவது உண்ணியே கிடையாது! தேயிலையில் வெயில் காலத்தில் இலையைச் செம்பு நிறமாக்கும் செஞ்சிலந்தியைப் பார்த்திருப்பீர்களே, அதற்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொடிப் பூச்சி. அதிலும் அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான் கடிக்கும். வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வழக்கமாக எலி, மூஞ்சூறு மேல் ஏறி வாழும். நாம் புதரில் உட்கார்ந்தால் நம்மேல் ஏறும். ஆக, உண்ணியால் வருவதற்குக் குரங்கின் பெயர், உண்ணியால் வராததற்கு உண்ணியின் பெயர். எலிக்காய்ச்சல் ஒன்றுதான் இந்த வரிசையில் பெயரும் ஆளும் பொருந்தி நிற்கிறது, அதுகூடப் பூச்சியால் வருவதில்லை, எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரால் வருவது. குரங்கம்மை என்று செய்திகளில் அடிபட்டதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாதபடி, மருந்தில் வித்தியாசம் இருக்கிறது. நாத்தனாருக்கு வந்தது பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மாத்திரைக்குக் கேட்கும். நேரத்தோடு ஆரம்பித்தால் இரண்டொரு நாளிலேயே காய்ச்சல் இறங்கும். விட்டுவைத்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்து ஆளையே சாய்த்துவிடும். பூச்சி கடித்த இடத்தில் பலருக்குப் பீடி நெருப்பு சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒளிந்திருக்கும். கூச்சத்தில் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள். அங்கேதான் பல நாள் வீணாகிறது. குரங்குக் காய்ச்சலோ வைரஸ். அதற்கென்று தனி மருந்து இல்லை. டாக்ஸிசைக்ளின் அதை ஒன்றும் செய்யாது. உடம்பைத் தாங்கிப் பிடித்து, நீர்ச்சத்தும் ரத்தமும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. மழை ஓய்ந்த பிறகு, குளிர் மாதங்களில் இரண்டும் ஒரே சமயத்தில் உலவும் என்பதால், பரிசோதனை முடிவு வருமுன் டாக்டர் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிக்கலாம். அது நல்ல வேலைதான். “போன வருடம் வாங்கிய அதே மாத்திரை மிச்சம் இருக்கிறது” என்று வீட்டிலேயே தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் கூடாது.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், சொரபா வட்டத்தில் கியாசனூர் என்ற காட்டை ஒட்டிய ஊர்களில் முதலில் குரங்குகள் விழுந்தன, பின்னாலேயே மனிதர்களும் படுத்தார்கள். குரங்கும் மனிதனும் சேர்ந்து சாவதைக் கேட்டதும் புனேயிலிருந்து வந்த வைரஸ் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்றுதான் முதலில் பதறினார்கள். பார்த்தால் வேறு வைரஸ், ரஷ்யக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு உறவு. ரொம்ப காலம் அது கர்நாடகத்துக்குள்ளேயே இருந்தது. 2012 கடைசியில் பந்திப்பூரில் வெளிப்பட்டது. அப்போது நீலகிரியிலும் குரங்குகளிடம் வைரஸ் இருப்பது தெரிந்தது. 2013-ல் வயநாட்டில் முதல் நோயாளி. 2015-ல் அங்கே நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பதினொரு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காட்டோரத்து ஆதிவாசிக் குடும்பங்கள். ஆகவே உங்கள் தம்பி சொன்னதில் ஆதாரம் இல்லாமல் இல்லை. நீங்கள் இருப்பது அந்த முக்கோணத்தின் நடுவில்.

பந்திப்பூர் விஷயத்தை வேண்டுமென்றேதான் குறிப்பிட்டேன். அங்கே படுத்தவர்கள் யார் தெரியுமா? செத்த குரங்குகளைத் தூக்கி எரிக்கிற வேலையில் இருந்தவர்கள்.

ஏன் என்பது உண்ணியின் பிழைப்பைப் பார்த்தால் விளங்கும். இந்த உண்ணிக்கு வாழ்நாளில் மூன்றே சாப்பாடு. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு ஒருமுறை ரத்தம் குடித்துக் கீழே விழுந்து தோலுரிக்கும். எட்டுக்கால் இளம் உண்ணியாகி இன்னொருமுறை குடிக்கும். மறுபடி விழுந்து தோலுரித்து முழு உண்ணியாகி மூன்றாவது முறை குடித்து, முட்டையிட்டுச் சாகும். ஒவ்வொரு சாப்பாடும் ஒவ்வொரு பிராணியிடம். குஞ்சும் இளசும் எலி, மூஞ்சூறு, அணில், தரையில் மேயும் பறவை, குரங்கு என்று கிடைத்ததில் ஏறும். முழு உண்ணிக்குப் பெரிய உடம்பு வேண்டும், மாடு, கடமான், காட்டெருமை. நம்மைக் கடிப்பது பெரும்பாலும் நடுப்பருவத்து இளசு. எள்ளளவுதான் இருக்கும். ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல உப்பி மாட்டின் காதில் தொங்குகிறதே, அதைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆபத்தான உண்ணி, ஒட்டிக்கொண்ட தூசி என்று நாம் தட்டிவிடப் பார்ப்பது.

இந்த இளசுகளின் காலம் டிசம்பரில் தொடங்கி மே வரை. சரியாக விறகு பொறுக்கும் காலம், காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் காலம், தேன் எடுக்கக் கிளம்பும் காலம். மழை பிடித்ததும் ஓய்ந்துவிடும்.

வைரஸ் ஏறிய குரங்கு காய்ச்சலில் மரத்தை விட்டு இறங்கி ஓரிடத்தில் சுருண்டு உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் அதன் ரத்தத்தில் வைரஸ் கொதிக்கும், மேலே மொய்த்த குஞ்சுகள் எல்லாம் அதைக் குடிக்கும். செத்து உடம்பு குளிர்ந்ததும் உண்ணிக்கு அங்கே வேலையில்லை. இறங்கிச் சுற்றியுள்ள சருகில் உட்கார்ந்துகொள்ளும். குடித்த வைரஸ் தோலுரித்த பிறகும் உண்ணிக்குள் அப்படியே இருக்கும். அதனால்தான் பிணத்தைவிடப் பிணம் கிடந்த இடம் கெடுதி. சுகாதாரத் துறையினர் செத்த குரங்கு கிடந்த இடத்தைச் சுற்றி மாலத்தியான் என்ற பூச்சிமருந்துத் தூள் போடுவது இதற்காகத்தான். உங்கள் விஷயத்தில் மரத்தடியோடு, இழுத்துக்கொண்டு போன தடம் முழுவதும் அந்தக் கணக்கில் சேரும். புதைத்த குழியைத் திரும்பத் தோண்ட வேண்டாம். சில்வர் ஓக்கிலிருந்து குழி வரை உள்ள வழியை மட்டும் அவர்களுக்குச் சரியாகக் காட்டுங்கள். ஒரு சிவப்புத் துணியைக் குச்சியில் கட்டி வையுங்கள். அந்த மூலையில் இந்தப் பருவம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் விட வேண்டாம். மழை வரட்டும். நாலு வரிசைக் கொழுந்து முற்றிப்போனால் போகட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செத்த குரங்கெல்லாம் காய்ச்சலில் செத்ததில்லை. மின்கம்பியில் அடிபடும், நாய் கடித்துக் குதறும், கூட்டத்துக்குள் சண்டையில் சாகும். நான் வேலையில் இருந்தபோது ஓர் ஊரில் ஒரே நாளில் மூன்று குரங்குகள் விழுந்தன. காய்ச்சல் வந்துவிட்டது என்று ஊரே நடுங்கியது. தலை முதல் கால் வரை கவசத்தைக் கட்டிக்கொண்டு வியர்த்துப்போய் வயிற்றைத் திறந்தேன். பூச்சிமருந்து வாடை மூக்கைத் துளைத்தது. வாழைத்தாரைக் காப்பாற்ற யாரோ செய்த கைங்கரியம்.

உங்கள் வாழைப்பழக்காரரின் யோசனைக்கு எனக்குள்ள முதல் ஆட்சேபம் அதுதான். சட்டம் பிறகு. இந்த நோயை ஊருக்குள் ஆள் படுக்கும் முன்பே நமக்குக் காட்டிக்கொடுப்பது குரங்கின் சாவு ஒன்றுதான். மருந்து வைத்து நாலு குரங்கைச் சாய்த்துவிட்டால், அடுத்த மாதம் நிஜமாகவே நோயில் ஒன்று விழும்போது “ஓ, அது மருந்து தின்றது” என்று எல்லோரும் நடந்து போய்விடுவோம். 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், சிறைக்குப் போக வேண்டிவரும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

பிடித்துக் கொண்டுபோய் விடுவது இரக்கமான வழி போலத் தெரியும். ஆனால் காய்ச்சல் ஏறிய குரங்கும் அதன்மேல் ஏறிய உண்ணியும் சேர்ந்தே கூண்டில் போகும். நாடுகாணிப் பக்கமோ முத்தங்காப் பக்கமோ போய் இறங்கும். அங்கே இன்னொரு சகோதரி எனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும். மிஞ்சியிருக்கும் குரங்குகளில் நோய் வந்து பிழைத்தவையும் இருக்கும், அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி நிற்கும். அவற்றை அப்புறப்படுத்தினால் காலியான இடத்துக்கு எதிர்ப்பு இல்லாத புதுக் கூட்டம் வந்து சேரும், அவ்வளவுதான் நடக்கும். குரங்கு முழுக்க நிரபராதி என்றும் நான் வாதாடவில்லை. காய்ச்சல் அடிக்கும் அந்த நாட்களில் அது வைரஸைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஆனால் அதுவும் நம்மைப் போல உண்ணி கடித்துப் படுத்த நோயாளி. நமக்காவது பத்தேரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மாட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். குரங்கை ஊரே குற்றம் சொல்கிறது, ஆனால் வீட்டு வாசல் வரை உண்ணியைப் பெருக்குவது மாடுதான். முழு உண்ணிக்கு நிம்மதியான சாப்பாடு காட்டில் மேய்ந்து திரும்பும் மாட்டின் மேல்தான் கிடைக்கிறது. குடித்து உப்பிய பெண் உண்ணி போகிற வழியில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டுத் தடம், மாட்டுக் கொட்டில் ஓரம், அங்கேயே அடுத்த தலைமுறை. மாட்டுக்கு இந்த நோய் வராது. பால் வழியாக இது பரவியதாக ஆதாரம் இல்லை. பயமில்லாமல் குடியுங்கள், எப்போதும் போலக் காய்ச்சிக் குடியுங்கள். மழை வரும் வரை மாட்டைக் காட்டுக்குள் ஓட்டாமல் வீட்டருகே கட்டிப் புல் அறுத்துப் போட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சிரமம் என்று தெரியும், புல் அறுக்கவும் ஆள் வேண்டும். உண்ணிக்கு டெல்டாமெத்ரின் போன்ற மருந்தைப் பாட்டில் மேல் போட்ட அளவுக்குக் கலந்து, அடிவயிறு, காது, வால் அடி, கால் இடுக்கு விடாமல் தடவுங்கள். கறவை மாடென்றால் எந்த மருந்து, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டே போடுங்கள். கை கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், மீன் மிதக்கும். கொட்டிலின் கல்லிடுக்கையும் மறக்காதீர்கள். உங்கள் கலப்பின மாட்டுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல், அதுதான் கழலை வீங்கிக் காய்ச்சல் அடித்துப் பால் வற்றுவது, வேறு நோய், அது மனிதருக்கு ஒட்டாது. பாருங்கள், இங்கேயும் அதே பெயர்!

நாயின் மேல் இருப்பது பெரும்பாலும் வேறு வகைப் பழுப்பு உண்ணி, வீட்டுச் சுவர் வெடிப்பில் குடியிருக்கும் ஜாதி. அதனால் நாய்க்குத் தட்டணு குறையும் காய்ச்சல் வரும், மூக்கில் ரத்தம் வடிய மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கவலை வேறு இடத்தில். நரியையும் செந்நாயையும் விரட்டிக் காட்டுக்குள் போகும் நாய், அங்கிருந்து உண்ணியை எடுத்து வரும். இங்கிருந்து கொண்டுபோயும் கொடுக்கும். காட்டு விலங்கு நமக்கு நோய் கொடுக்கிறது என்று நாம் எழுதுகிறோம். காட்டு விலங்குக்கு எழுதத் தெரிந்தால் நம் நாயையும் மாட்டையும் பற்றிப் பெரிய புகாரே எழுதும். 2000-ம் ஆண்டு ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு புலிகள் செத்தன. ரத்தத்தில் சர்ரா கிருமி. மாட்டையும் குதிரையையும் கடிக்கும் ஈக்கள் பரப்பும் நோய் அது. உங்கள் நாயை இந்த நாலைந்து மாதமாவது இரவில் கட்டிப் போடுங்கள்.

மாமியாருக்கு வருவோம். விறகுக்குப் போகாதே என்று சொல்வது எனக்கு எளிது, அடுப்பு எரிவது உங்கள் வீட்டில். அதனால் போவதை எப்படிப் போவது என்று சொல்கிறேன். அந்த இரண்டு குரங்கு கிடந்த பக்கம் மட்டும் கட்டாயம் வேண்டாம். சேலைக்கு மேல் மகனின் முழுக்கைச் சட்டை, காலில் கம்பூட்ஸ் அல்லது மழைக்கால அட்டைக்குப் போடும் நீளச் சாக்ஸ். கை, கழுத்து, கணுக்காலில் பூச்சி விரட்டும் எண்ணெய். கர்நாடகத்தில் இதற்கென்றே டெபா எண்ணெய் கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் டீட் கலந்த கிரீம் கடைகளில் உண்டு. உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைய வேண்டாம். அழகுக்கென்று வெள்ளைக்காரர் கொண்டுவந்து முதுமலை வரை பரப்பிவிட்ட செடி அது. காலடியில் சருகும் ஈரமும் நிழலுமாக உண்ணிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. தமிழில் அதற்கு இந்தப் பெயர் எப்படி வந்ததோ, வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. சருகின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் பாறை பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் கட்டை வாசலிலேயே வெயிலில் கிடக்கட்டும். துணியை நேராகக் கொதிநீரில் போடுங்கள். வெந்நீர்க் குளியல், பிறகு யாராவது ஒருவர் அவர் உடம்பைப் பார்க்க வேண்டும். காது மடலுக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே, அக்குள், நாடா கட்டும் இடம், முழங்காலின் பின்மடிப்பு. ஒட்டியிருந்தால் முள்வாங்கியால் தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். அட்டைக்கு உப்பும் புகையிலையும் சுண்ணாம்பும் வைக்கிற கைப்பழக்கம் உண்ணிக்கு ஆகாது. பீடியால் சுடுவது, மண்ணெண்ணெய் விடுவது எல்லாம் அதை வாந்தியெடுக்க வைக்கும், உள்ளே இருப்பது உங்கள் ரத்தத்துக்குள் போகும். விரலால் நசுக்குவதும் அதே தப்பு. சோப்புத் தண்ணீரில் போடுங்கள், கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நாட்காட்டியில் தேதியைக் குறியுங்கள்.

தடுப்பூசி உண்டா என்று உங்கள் தம்பி தொலைபேசியில் கேட்டார். கர்நாடகத்தில் பல வருடம் போட்டுவந்த பழைய ஊசி எதிர்பார்த்த பலன் தராததால் நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்குச் சட்டையும் எண்ணெயும் வெந்நீரும்தான் ஊசி.

இனி எங்கே குரங்கு விழுந்தாலும் தொடாதீர்கள், நாயை விடாதீர்கள், குழந்தைகளைப் பார்க்க அனுப்பாதீர்கள். வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் சொல்லுங்கள். இரவானால் சுகாதார உதவி எண் 104. பத்தேரிப் பக்கம் இருந்தால் கேரளத்தின் எண் 1056. சிகிச்சை பத்தேரியில் என்றால், வீடு நீலகிரி மாவட்டம் என்று சேர்க்கும்போதே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் வழக்கமாக அங்கே தங்கியிருக்கும் உறவினர் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நோய் வயநாட்டுக் கணக்கில் ஏறும், தூள் அங்கே போடுவார்கள், உங்கள் ஓடைக்கரைக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

ஓடைக்கரைக் குரங்கை வனத்துறை ஆட்களும் டாக்டரும் வந்து மாதிரி எடுத்து எரித்துவிட்டதாக நேற்று சொன்னீர்கள். நல்லது. அந்த வாழைப்பழக்காரரிடம் இந்தப் பதிலை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் என் எண்ணை அவருக்குக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.